சித்திரக் கதையும் அதன் வழிநூலும்

சித்திரக் கதை என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்பவர் ஒரு சாரார். அக்கதையிலிருந்து எடுத்த படமென்றால் ஆரவாரமே போதும், ஆராய்ச்சி எதற்கு என்பவர் இன்னொரு சாரார். முன்னவர் ஆசிரியருள் மிகுதி. பின்னவர் மாணாக்கருள் மிகுதி. எதிரெதிரே நிற்பவர் போலத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கின்றனர். பறக்கும் மனிதனும் சுவரேறும் மனிதனும் வருங் கதையிற் சிந்திப்பதற்கு யாதுமில்லை என்பதே அம்முடிவு. அது பிழை என்பது என் துணிபு.

சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு பிரெட்ரிக் வேர்தம் என்னும் மனநோய் மருத்துவர், கொமிக்ஸ் எனப்படும் சித்திரக் கதைகள் இளைஞரைக் குற்றநெறியிற் செலுத்துகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் அந்நாட்டு செனற் சபையின் உபகுழு ஒன்று இவ்விடயத்தை விசாரித்தது. அஞ்சிய வெளியீட்டாளர் தாமே கூடித் தமக்கு ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்தனர். நன்மையே வெல்ல வேண்டும். குற்றவாளி தண்டனை பெறவேண்டும். அதிகாரத்தில் இருப்போர்மீது மதிப்புக் குறையுமாறு எழுதல் ஆகாது. இவ்வாறெல்லாம் விதித்தபின் விளைந்தது யாது? கதைகள் ஒழுக்கம் பெற்றனவோ இல்லையோ, உயிர் குன்றின. இவை சிறுவர்க்கு உரியவை என்று பெரியோர் தீர்ப்பளித்தனர். கதைகளும் அத்தீர்ப்புக்கு அடங்கிச் சிறுபிள்ளைத்தனம் எய்தின. பெரிய வெளியீட்டு நிலையங்கள் அவ்விதியை முற்றாகக் கைவிட 2011ஆம் ஆண்டு வரை சென்றது.

எனினும், அவ்வேலிக்கு உள்ளேயே 1962ஆம் ஆண்டு ஒரு புதுமை நிகழ்ந்தது. ஸ்ரான் லீ எழுத, ஸ்ரீவ் டிற்கோ வரைய, ஸ்பைடர்மான் என்னும் சிலந்தி மனிதன் தோன்றினான். பீற்றர் பார்க்கர் தாய் தந்தையரை இழந்த மாணவன். பெரிய தந்தையார் பென், அவர் மனைவி மே ஆகியோரால் வளர்க்கப்படுபவன். சிலந்தி ஒன்று கடித்ததனால் அரிய வல்லமை பெற்ற அவன், முதலில் அதனைக் காட்சிப் பொருளாக்கிப் பணந்தேடப் புறப்படுகிறான். தன்னைக் கடந்து ஓடும் கள்வன் ஒருவனைத் தடுக்கக்கூடிய நிலையில் இருந்தும், அது தன் வேலையன்று என்று வாளா இருந்துவிடுகிறான். பின்னர் அக்கள்வனே பென்னைக் கொன்றான் என்று அறிகிறான். இந்த வீரனைப் பெற்றெடுத்தது ஒரு குற்றவுணர்ச்சி. வல்லமை உடையவன் செய்யாது விட்டதற்கும் பொறுப்பாளி என்பது அக்கதையின் அடித்தளம். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளுதல் எங்ஙனம்?

சித்திரக் கதையின் ஆழம் கதைப்பொருளில் மட்டும் அடங்கியதன்று. அதன் அமைப்பிலும் ஆழம் உண்டு. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே வெண்மையான ஒரு சிறு வெளி கிடக்கிறது. அங்கே ஓவியன் ஒன்றும் வரைவதில்லை. ஸ்கொட் மக்கிளவுட் என்பார் 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், சித்திரக் கதையின் உயிர் அவ்வெளியிலேயே உள்ளது என்று காட்டினார். ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடரி. அடுத்த கட்டத்தில் இருண்ட நகரின் மேல் எழும் ஓர் அலறல். வெட்டியது யார்? ஓவியன் வெட்டவில்லை. வாசகனே தன் மனத்தில் வெட்டி முடித்தான். சொல்லாது விட்டதை வாசகன் கொண்டு முடிக்கும் இந்த நயம், உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற நமக்குப் புதிதன்று.

இனி, திரைப்படத்தின் நிலை யாது? அது ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படங்களாக ஓடுவது. இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியாது மறைத்து விடுவது. சித்திரக் கதையில் வாசகன் பக்கத்தைத் தன் விருப்பப்படி நிறுத்தலாம். முன்னும் பின்னும் பார்க்கலாம். படமாளிகையில் அவனுக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே, கதையை மட்டும் எடுத்துத் திரையில் வைத்தால் ஆழமும் உடன்வரும் என்று எண்ணுதல் தவறு.

முதனூலிலிருந்து பிறக்கும் நூலை நம் இலக்கண ஆசிரியர் வழிநூல் என்றனர். நன்னூலார் கருத்துப்படி, வழிநூல் முதனூலின் முடிபோடு ஒத்து நிற்கும். பின்வந்த ஆசிரியன் வேண்டும் விகற்பங்களையும் ஏற்கும். ஒத்தல் எதிலே? முடிபிலே. அடிக்கு அடி, சொல்லுக்குச் சொல் ஒத்தல் வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரோ, தீண்ட விடாது, சாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுக்கச் செய்கிறார். நிகழ்ச்சி மாறிற்று, முடிபு மாறவில்லை. இவ்வளவுகோலை அமெரிக்கச் சித்திரக் கதைகளின் வழிவந்த நான்கு படங்களுக்கு வைத்துப் பார்ப்போம்.

முதலாவது 'வோச்மென்'. அலன் மூர் எழுத, டேவ் கிபன்ஸ் வரைய, 1986, 1987ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்தது முதனூல். அதிமானுட வீரர் மெய்யாகவே இருந்தால் அவர் எத்தகைய மனிதராயிருப்பர், அவரை நம்பிய உலகம் என்னாகும் என்பது அதன் வினா. பக்கங்கள் பெரும்பாலும் ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒழுங்கில் அமைந்தவை. ஐந்தாம் இயலில் முதற்பக்கத்தின் அமைப்பு இறுதிப் பக்கத்திலும், இரண்டாம் பக்கத்தின் அமைப்பு ஈற்றயற் பக்கத்திலுமாக, நடுப்பக்கங்களைக் கண்ணாடியாகக் கொண்டு இயல் முழுவதும் எதிரொளிக்கிறது. நம் சித்திரகவி வல்லார் எழுத்துக்களால் மாலைமாற்றுப் பாடினர். இவர்கள் பக்கங்களால் மாலைமாற்றுச் செய்தனர்.

இந்நூலை 2009ஆம் ஆண்டு சக் ஸ்னைடர் படமாக்கினார். நூலின் கட்டங்கள் பலவற்றை அதே கோணத்தில், அதே நிறத்தில் திரையில் எழுப்பினார். அவர் உழைப்பும் பக்தியும் ஐயத்துக்கு இடமற்றவை. ஆயினும் முடிபு ஒத்ததா? கதைத் தொடக்கத்தில் ஒரு கொலை. நூலில் அதனை நாம் நேரே காண்பதில்லை. துப்பறிவோர் இருவர் கொலை நிகழ்ந்த அறையில் நின்று உரையாடுகின்றனர். அவர்தம் உரையின் இடையிடையே, செந்நிறம் படிந்த சில கட்டங்கள் அடியையும் வீழ்ச்சியையும் துணுக்குத் துணுக்காகக் காட்டி மறைகின்றன. முதுமை எய்திய ஒருவன் தன் வீட்டிலேயே அடிபட்டு இறந்த அவலம் நம் மனத்திற் படிகிறது. படத்திலோ அது நீண்டதொரு மற்போர். கண்ணாடி சிதறுகிறது, சுவர் நொறுங்குகிறது, அடி விழும்போது காலமே மெதுவாகி, இதனை இரசியுங்கள் என்று நம்மை அழைக்கிறது. வன்மையின் மினுக்கைத் துடைப்பதற்கு எழுதப்பட்ட நூல், வன்மையை மினுக்கும் படமாயிற்று.

இறுதியும் அவ்வாறே. நூலில் ஒரு தெருமூலையில் பத்திரிகை விற்கும் முதியவரும், அவர் கடையருகே குந்தியிருந்து சித்திரக் கதை படிக்கும் சிறுவனும் மீண்டும் மீண்டும் வருகின்றனர். கதையோட்டத்துக்கு அவர்கள் வேண்டாதவர் போலத் தோன்றும். நகரம் அழியும்போதே அவர்கள் எதற்காக வந்தனர் என்பது விளங்கும். மாண்டவர் நமக்கு அறிமுகமானவர். பதினொரு இயல்களில் சிறு கட்டங்களாக வந்த கதை, பன்னிரண்டாம் இயலின் தொடக்கத்தில் ஆறு முழுப்பக்கங்களைப் பிணக் குவியலுக்கு ஒதுக்குகிறது. பக்கத்தைத் திருப்பத் திருப்ப அவலம் தொடர்கிறது. படமாளிகைகளுக்கு வந்த படத்தில் அம்முதியவரும் சிறுவனும் கணப்பொழுது தோன்றி மறைகின்றனர். பிணங்களுக்குப் பதிலாக ஒரு பெரும் பள்ளம் காட்டப்படுகிறது. அழிவுக்குக் காரணமாக நூல் கூறும் விசித்திரப் பிராணியை நீக்கி வேறொன்றை வைத்ததைப் பலர் குறை கூறினர். அது வழிநூலாசிரியனுக்கு உரிய விகற்பம். அதனை நான் குறை கூறேன். இரக்கத்தை நீக்கியதே குறை.

நியாயமும் சொல்லல் வேண்டும். அப்படத்தில் ஒரு பகுதி மிக உயர்ந்தது. முக்காலமும் ஒருங்கே காணும் டொக்டர் மன்ஹற்றன் செவ்வாய்க் கிரகத்தில் தனித்திருந்து தன் வாழ்வை நினைக்கும் பகுதி அது. நூலில் ஒரே பக்கத்தில் இறந்தகாலமும் எதிர்காலமும் பக்கம் பக்கமாகக் கிடத்தலால் அவனது காட்சி நமக்கும் வாய்க்கிறது. திரையில் அது இயலாது. எனவே இயக்குநர் உணர்ச்சியற்ற ஒரு குரலையும், பிலிப் கிளாசின் இசையையும், முன்பின்னாகத் தாவும் காட்சிகளையும் கொண்டு அதே உணர்வை எழுப்பினார். திரைக்கு உரிய கருவியைக் கையாண்ட இடத்தில் அவர் முதனூலை நெருங்கினார் என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, சாம் ரைமி இயக்கிய 'ஸ்பைடர்மான் 2'. ஆண்டு 2004. சிலந்தி மனிதன் தன் கடமையைத் துறக்கும் கதை 1967ஆம் ஆண்டு அவன் சஞ்சிகையின் ஐம்பதாம் இதழில் வெளிவந்தது. ஜோன் றொமிற்றா அதனை வரைந்தார். குப்பைத் தொட்டியில் வீரனின் உடை கிடக்க, முதுகைக் காட்டிக்கொண்டு பீற்றர் அகன்று செல்லும் அப்பக்கம் புகழ்பெற்றது. ரைமி அதனைத் தம் படத்தில் எடுத்தாண்டார். அம்மட்டில் நின்றிருந்தால் அது வெறும் படியெடுப்பே. அவர் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மனிதனின் வறுமையை வைத்தார். வீட்டு வாடகைக்குப் பணமில்லை, வேலை போயிற்று, படிப்புக் குன்றிற்று, காதலுக்கு நேரமில்லை. உள்ளம் சோர, அவன் வல்லமையும் அவனைக் கைவிடுகிறது. கடமைக்கு விலை உண்டு என்ற உண்மையைக் கைச்செலவுக் கணக்காகவே காட்டினார்.

உடையைத் துறந்த பீற்றர், பென் இறந்ததில் தன் பங்கைப் பெரியன்னை மேயிடம் ஒப்புக்கொள்கிறான். அவர் அழவில்லை, திட்டவில்லை. அவன் கையிலிருந்து தம் கையை விலக்கிக்கொண்டு மெல்ல எழுந்து மாடிக்குச் செல்கிறார். அவன் தனியே இருக்கிறான். இரண்டு கட்டங்களுக்கு இடையேயுள்ள வெண்மை வெளியைத் திரையில் எங்ஙனம் காட்டுவது என்று கேட்டோமல்லவா? இங்கே அது மௌனமாக வந்து நிற்கிறது. மேயின் நெஞ்சில் நிகழ்ந்ததை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

பின்னர், ஓடும் புகையிரதத்தைத் தன் உடலால் நிறுத்தி மயங்கி விழுகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்குமேல் தாங்கிச் சென்று கிடத்துகின்றனர். தம்மைக் காத்தவன் தம் வீட்டுப் பிள்ளை வயதினன் என்று அப்பொழுதே அறிகின்றனர். சிறுவர் இருவர் முகமூடியை மீட்டுக் கொடுத்து, எவர்க்கும் சொல்லோம் என்று உறுதி கூறுகின்றனர். ஐம்பதாம் இதழில் இந்நிகழ்ச்சி இல்லை. ஆயினும் 1962இல் எழுப்பிய வினாவுக்கு இது விடை. காத்தவனைக் காக்கும் பொறுப்புக் காக்கப்பட்டவர்க்கும் உண்டு. இதுவன்றோ வழிநூல்!

மூன்றாவது, 2018ஆம் ஆண்டு வெளிவந்து, மறு ஆண்டில் சிறந்த சலனச் சித்திரத்துக்கான ஒஸ்கார் விருது பெற்ற படம். 'ஸ்பைடர்மான்: இன்ரு த ஸ்பைடர்வேர்ஸ்' என்பது பெயர், இயக்குநர் மூவர். மைல்ஸ் மொராலெஸ் என்னும் புரூக்ளின் சிறுவன் இதன் தலைவன். தந்தை கறுப்பினத்தவர், தாய் புவேர்ட்டோ றிக்கோ வழியினர். இப்பாத்திரம் 2011ஆம் ஆண்டு சித்திரக் கதையிற் படைக்கப்பட்டது. மலிவான அச்சில் நிறங்களைத் தோற்றுவிக்கும் சிறு புள்ளிகளும், நிறம் சற்று விலகி அச்சான தோற்றமும் படத்தில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டுள்ளன. சிலந்தி கடித்த பின்னரே மைல்சின் எண்ணங்கள் எழுத்துப் பெட்டிகளாகத் திரையில் எழுகின்றன. அவன் ஒரு சித்திரக் கதைக்குள் புகுந்துவிட்டான் என்பதற்கு அதுவே அடையாளம்.

இவற்றை அலங்காரம் என்பார் உளர். அவர் ஒன்றைக் கவனித்தல் நன்று. மைல்ஸ் வித்தை பயிலாத நிலையில், அவன் அசைவு நொடிக்குப் பன்னிரண்டு நிலைகளாக அமைக்கப்பட்டது. அவனருகே பாயும் தேர்ந்த வீரன் இருபத்துநான்கு நிலைகளாக இழைகிறான். இருவரும் ஒரே காட்டில் மரத்துக்கு மரம் தாவும்போது, ஒருவன் தடுமாறுவதும் மற்றவன் வழுக்கிச் செல்வதும் எவரும் எடுத்துக் கூறாமலே கண்ணுக்குப் புலனாகின்றன. மைல்ஸ் தேர்ச்சி பெறப் பெற அவன் அசைவும் நிறைவு பெறுகிறது. இடைவெளியே இங்கு பொருளாயிற்று. உயர்ந்த கட்டடத்திலிருந்து அவன் குதிக்கும் காட்சியிலோ, அச்சம் நீங்காமையால் விரல்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கின்றன. குதிக்கும்போது கண்ணாடி உடைந்து விரலோடு வருகிறது. அடுத்துப் படம் தலைகீழாகிறது. வீழ்பவன் மேலெழுகின்றவன் போலத் தோன்றுகிறான். அச்சம் போனபின் வருவது துணிவென்று கூறும் எளிய பாடம் இதுவன்று. அச்சம் விரலில் ஒட்டியிருக்கவே குதித்தான் என்பதே அதன் பொருள்.

நான்காவது, ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கிய 'லோகன்'. 2017ஆம் ஆண்டுப் படம். வுல்வரின் என்னும் வீரன் முதுமையுற்று, தன்னைத்தான் ஆற்றிக்கொள்ளும் வல்லமை குன்றி, வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைக்கிறான். நினைவு தளர்ந்த தன் ஆசானை மறைத்து வைத்துப் பேணுகிறான். வீரனின் முதுமையைக் கூறும் சித்திரக் கதை ஒன்று 2008இல் தொடங்கி வெளிவந்தது. முதுமை என்னும் கருவைத் தவிர அதிலிருந்து படம் எடுத்துக்கொண்டது சொற்பம். ஆனால் இப்படத்துக்குள்ளேயே சித்திரக் கதை ஒரு பொருளாக வருகிறது. லோரா என்னும் சிறுமி அவ்வீரரைப் பற்றிய சஞ்சிகைகளை வைத்திருக்கிறாள். அவற்றிற் கூறப்பட்ட புகலிடத்தை நம்பி அங்கே செல்ல வேண்டும் என்கிறாள். லோகன் எள்ளுகிறான். இவை பெரும்பாலும் பொய். மனிதர் உண்மையில் இறந்தனர் என்கிறான். அவன் கூற்று உண்மை. ஆயினும் அச்சிறுமியைப் போன்ற பிள்ளைகள் அக்கதையை நம்பி ஓரிடத்தில் ஒன்றுகூடுகின்றனர். கூடியமையால் புகலிடம் மெய்யாகிறது. முடிவில் லோகனின் கல்லறைச் சிலுவையை அவள் சற்றே சரித்து வைக்கிறாள். சிலுவை அவ்வீரர் குழுவின் குறியாக மாறுகிறது. கதை பொய்யாயினும் கதையால் விளைந்த துணிவு பொய்யன்று என்பதை இதனினும் சுருங்கக் கூறல் அரிது.

நிற்க. மார்ட்டின் ஸ்கோர்செசி என்னும் பெரும் இயக்குநர், மார்வல் நிறுவனத்தின் படங்கள் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்காக்களை ஒத்தவை என்னும் கருத்தை 2019ஆம் ஆண்டு வெளியிட்டார். அக்கண்டனத்தை எளிதில் ஒதுக்கல் ஆகாது. ஒரு படம் அடுத்த படத்துக்கு விளம்பரமாகவும், அது அதற்கடுத்ததற்கு முன்னுரையாகவும் அமைந்தால், கதை எங்கே முடிவது? முடியாத கதைக்கு முடிபு ஏது? முடிபில்லாதது எதனோடு ஒக்கும்? இவ்வகைப் படங்கள் மிகப் பல என்பதை நானும் உடன்படுகிறேன். ஆனால் தாழ்ந்தவற்றின் தொகையைக் கொண்டு ஓர் இலக்கிய வகையை அளத்தல் முறையன்று. சிற்றிலக்கியங்களுள் எத்தனை வெறும் சொல்லடுக்கு! அதனாற் குற்றாலக் குறவஞ்சியை எறிந்துவிடுகிறோமா?

ஆசிரியர்க்கு ஒன்று கூறுவேன். 1954ஆம் ஆண்டின் கதை நமக்கு எச்சரிக்கை. படித்தோர் ஒரு கலையைப் புறக்கணிக்கும்போது கலை அழிந்துவிடுவதில்லை. வணிகர் கையில் தனியே விடப்படுகிறது. நம் மாணாக்கர் இப்படங்களைப் பார்க்கத்தான் போகின்றனர். எதனைக் கொண்டு மதிப்பிடுவது என்று சொல்லிக் கொடாவிட்டால், வசூற்கணக்கே அவர்க்கு இலக்கணமாகும். 'வோச்மென்' நூலின் முதற் சில பக்கங்களையும் படத்தின் முதற் சில நிமிடங்களையும் அருகருகே வைத்து, மாறியது யாது, மாறியதால் நம் மெய்ப்பாடு எங்ஙனம் மாறிற்று என்று உயர்வகுப்பு மாணாக்கரை எழுதச் சொல்லிப் பாருங்கள். அழுகை எவ்வாறு பெருமிதமாகத் திரிந்தது என்பதை அவர்களே கண்டுகொள்வர். மெய்ப்பாட்டியலுக்கு அதனினும் நல்ல பயிற்சி யான் அறியேன்.

மாணாக்கர்க்கும் ஒன்று. படம் முதனூலைப் போல இருக்கிறதா என்று மட்டும் கேளாதீர்கள். உடையின் நிறம் சரியா, கட்டம் சரியா என்று ஒப்புநோக்குதல் எழுத்தெண்ணிப் படித்தல் போன்றது. வேண்டியதே, எனினும் போதாது. வல்லமை பெற்றவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்ற வினாவை முதனூல் எழுப்பிற்று. அவ்வினாவோடு உங்களை வீட்டுக்கு அனுப்பும் படம் எதுவோ, அதுவே வழிநூல். மற்றையவை விடுமுறை நாளுக்குப் பொழுதுபோக்கு. அவையும் இருந்துவிட்டுப் போகட்டும்.